சோறு, பருப்பு, காய்: சைவச் சமையலைத் தொடங்குகிறவர்களுக்கு

முதன்முதலாகச் சமைக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு நீளமான சமையல் குறிப்பைத் தேடி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் நுழைகிறார்கள். அதில் இருக்கும் பொருட்களில் பாதி வீட்டில் இருக்காது. கடைக்குப் போய் அவற்றை வாங்கி வந்து, நறுக்கி, அரைத்து முடிப்பதற்குள் பசியே அடங்கிவிடும். மீதமான பொடிகள் அலமாரியில் கட்டிதட்டிக் கிடக்கும். பதார்த்தம் பதார்த்தமாகக் கற்றுக்கொள்வது சுற்றுவழி. தானியம் ஒன்றைக் குழையாமல் வேகவைப்பது, பருப்பு ஒன்றை மசிய வேகவைப்பது, காய் ஒன்றை நிறம் மாறும்படி வதக்குவது ஆகிய மூன்றும் கைக்கு வந்துவிட்டால் வீட்டில் இருப்பதைக் கொண்டே தினமும் ஒரு சாப்பாடு செய்துவிடலாம்.

சைவச் சாப்பாடு சப்பென்று இருப்பதாகக் குறைப்படுகிறவர்கள் உடனே மசாலாவைக் கூட்டுகிறார்கள். குறை பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. உப்பு உரிய நேரத்தில் சேர்ந்திருக்காது, அல்லது புளிப்பு இருக்காது, அல்லது காய் வறுபடாமல் தன் நீரிலேயே வெந்திருக்கும். இந்த மூன்றையும் சரிசெய்யத் தெரிந்துகொண்ட பிறகு மசாலாப் பெட்டியைத் திறந்தால் போதும்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்

மூடியோடு ஓர் அடிகனமான பாத்திரம், ஓர் அகலமான வாணலி, கூர்மையான கத்தி, நகராத பலகை, அளவுக்கு ஒரு கப், ஒரு டீஸ்பூன், ஒரு மேசைக்கரண்டி. பிரஷர் குக்கர் இருந்தால் நேரமும் எரிவாயுவும் மிச்சம். இல்லையென்றாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

மழுங்கிய கத்திதான் அதிகம் ஆபத்தானது. அழுத்தி வெட்ட வேண்டியிருப்பதால் வழுக்கி விரலுக்குப் போகும். பலகைக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை விரித்தால் பலகை நகராது. காயைப் பிடிக்கும் கையின் விரல்நுனிகளை உள்பக்கமாக மடக்கிக்கொண்டு, கத்தியின் பக்கவாட்டு விரல்மூட்டில் உரசும்படி வெட்டப் பழகுங்கள். முதலில் மெதுவாகத்தான் வரும், அவசரம் வேண்டாம்.

எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடியால் மூடிவிட்டு, ஆறும்வரை திறக்காமல் விட்டுவிடுங்கள். சமைக்கத் தொடங்கும்போதே மூடியைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்வது அதற்காகத்தான்.

அலமாரியில் இருக்க வேண்டியவை: அரிசி, சீக்கிரம் வேகும் ஒரு பருப்பு, முழுப் பயறு ஒன்று, எண்ணெய், உப்பு, வெங்காயம், பூண்டு, தக்காளி, எலுமிச்சை, கடுகு, சீரகம், மிளகு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள். முதல் மாதத்துக்கு இவ்வளவு போதும். பொடி வகைகளைச் சிறு அளவிலேயே வாங்குங்கள். நாளானால் நிறம் இருக்கும், மணம் இருக்காது.

சோறு

இரண்டு பேருக்கு ஒரு கப் அரிசி. வெந்தபின் அது ஏறக்குறைய மூன்று கப் சோறாகும்.

1. கலங்கல் குறையும்வரை மூன்று நான்கு முறை கழுவி, 20 நிமிடம் ஊறவைத்து, நீரை வடித்துவிடுங்கள்.
2. சாதாரண வெள்ளை அரிசிக்கு இரண்டு கப் தண்ணீர். நீளமான மெல்லிய அரிசிக்கு ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் கப். தவிடு நீக்காத அரிசிக்கு இரண்டரை கப் தண்ணீரும் 40 நிமிடத்துக்குக் குறையாத நேரமும் தேவை.
3. அரை டீஸ்பூன் உப்புச் சேர்த்து, மூடாமல் கொதிக்க விடுங்கள்.
4. நன்றாகக் கொதித்ததும் தீயை முடிந்தவரை குறைத்து, இறுக மூடி, 12 முதல் 15 நிமிடம் விடுங்கள். நடுவில் திறக்கக் கூடாது, கிளறவும் கூடாது.
5. அடுப்பை அணைத்தபின் மூடியபடியே 10 நிமிடம். பிறகு முள்கரண்டியால் கிளறுங்கள்.

கடைசியாகச் சொன்ன அந்தப் பத்து நிமிடத்தைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். அடியில் தேங்கியிருக்கும் ஈரம் மேலே ஏறிப் பரவுவது அப்போதுதான். உடனே கிளறினால் அடியில் குழைந்தும் மேலே விறைத்தும் இருக்கும்.

நடுவில் நறுக்கென்று இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் தெளித்து, மூடி, சிறு தீயில் ஐந்து நிமிடம். அடிபிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள். மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் தீய்ந்த வாசம் சோற்றில் ஏறாது. குழைந்துபோனால் அன்றைக்குத் தயிரோ பருப்போ ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த முறை கால் கப் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். அரிசி பழசா புதுசா என்பதைப் பொறுத்து நீரின் அளவு மாறும். ஆகவே எந்தக் குறிப்பும் உங்கள் அரிசிக்கு அப்படியே பொருந்தாது.

அளவுத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு வடிப்பதுதான் சுலபம். நிறையத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அரிசியைப் போட்டு, பருக்கையை நசுக்கிப் பார்த்துப் பதம் வந்ததும் வடித்துவிடலாம்.

மீந்த சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை. அரிசியில் ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். கொதிநீரில் அவை சாவதில்லை. வெந்த சோறு வெளியில் வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடுபடுத்தினாலும் அந்த நஞ்சு போகாது. மீந்ததை அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்கு அனுப்பிவிடுங்கள். மறுநாளே, ஆவி பறக்கச் சூடாக்கித் தீர்த்துவிட வேண்டும்.

பருப்பும் பயறும்

சைவச் சமையலின் முதுகெலும்பு இதுதான். வயிற்றை நிரப்புவதும் புரதம் கொடுப்பதும் இதுவே. புதியவர்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான், ஏனென்றால் ஒவ்வொரு பருப்பும் ஒவ்வொரு வேகத்தில் வேகும்.

உடைத்த பருப்பிலிருந்து தொடங்குங்கள். சிவப்பு மைசூர்ப் பருப்பு ஊறவைக்காமலே 15 முதல் 20 நிமிடத்தில் திறந்த பாத்திரத்தில் வெந்துவிடும். பாசிப்பருப்புக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். துவரம்பருப்பு முக்கால் மணி நேரம்கூட எடுக்கும், அதற்குக் குக்கர்தான் நல்லது.

1. ஒரு கப் பருப்பைக் கல் பார்த்துக் கழுவி, மூன்று கப் தண்ணீரும் கால் டீஸ்பூன் மஞ்சள்தூளும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள்.
2. நுரை பொங்கி வரும். தீயைக் குறைத்து, மேலே சேரும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். பாதி மூடியபடி வேகட்டும்.
3. பருப்பை இரு விரலுக்கிடையே அழுத்தினால் தடையின்றி நசுங்க வேண்டும். அப்போது கரண்டியின் பின்புறத்தால் மசித்து, ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு, இன்னும் ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள்.
4. தாளியுங்கள்.

தாளிப்பைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சீரகம், மிளகாய் போன்றவற்றின் மணப்பொருட்களில் பல நீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரைகின்றன. அதனால்தான் பொடியை வெந்நீரில் கொட்டுவதற்கும் எண்ணெயில் பொரித்து ஊற்றுவதற்கும் அவ்வளவு வித்தியாசம். சிறு கரண்டியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயோ நெய்யோ காயவையுங்கள். ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பாருங்கள். வெடித்தால் சூடு சரி. மீதிக் கடுகு, அது அடங்குகிற நேரத்தில் சீரகம், பிறகு காய்ந்த மிளகாய், நசுக்கிய பூண்டு. பூண்டின் ஓரம் பொன்னிறமாகும்போதே பருப்பில் கொட்டிவிட வேண்டும், கருகினால் கசக்கும். கரண்டியில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது. மிளகாய்த்தூள் சேர்ப்பதாக இருந்தால் அடுப்பை அணைத்தபின்தான். சூடான எண்ணெயில் பொடி கண்மூடித் திறப்பதற்குள் கருகிவிடும்.

முழுப் பயறுகளுக்கு முதல் நாள் இரவே திட்டமிட வேண்டும். கொண்டைக்கடலை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறினால் இரட்டிப்பாகும். ஆகையால் மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றுங்கள். ஊறும் நீரில் ஒரு டீஸ்பூன் உப்புப் போடலாம். உப்புப் போட்டால் பயறு வேகாது என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் உப்புநீரில் ஊறிய பயறின் தோல் மென்மையாகவே வேகிறது. வேகவிடாமல் தடுப்பது புளிப்புதான். தக்காளி, புளி, எலுமிச்சை எல்லாம் பயறு முழுதாக வெந்தபின்பே சேர வேண்டும். கால்சியம் மிகுந்த கடின நீரும் பயறை விறைப்பாக்கும். அப்படிப்பட்ட இடங்களில் ஒரு சிட்டிகை சமையல் சோடா உதவும், அதற்கு மேல் போனால் சுவையும் கெடும், பி1 வைட்டமினும் அழியும். வருடக்கணக்கில் கிடந்த பயறு எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் கல்லாகவே இருக்கும். அதற்கு மருந்து இல்லை, புதிதாக வாங்குவதுதான் வழி.

ஊறிய கொண்டைக்கடலை திறந்த பாத்திரத்தில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் வேகும். குக்கரில் அழுத்தம் வந்தபின் சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம். உள்ளே ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் உயர்வதால்தான் இந்த வேகம். பருப்பு, பயறு வேகவைக்கும்போது குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், நுரை ஆவித்துளையை அடைத்துவிடும். அழுத்தம் தானாக அடங்கும் முன் மூடியைத் திறக்க முயலவே கூடாது.

ராஜ்மாவுக்கு மட்டும் தனி எச்சரிக்கை. சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு லெக்டின் நஞ்சு இருக்கிறது. அரைவேக்காடாகச் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் முதல் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தீயைக் குறைக்கலாம். குறைந்த வெப்பத்தில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்பாத்திரங்களில் ராஜ்மாவை நேரடியாகப் போடாதீர்கள். அந்தச் சூடு நஞ்சை முறிக்கப் போதாது.

காய்

நீர் இருக்கும்வரை வாணலியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. காய் பொன்னிறமாகி அந்த வறுத்த மணம் வருவதற்கு ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல் தேவை. ஈரமான காய்களை வாணலி நிறையக் கொட்டிவிட்டு ஓயாமல் கிளறினால் அவை வறுபட வழியே இல்லை.

கழுவிய காயை முதலில் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். ஒரே அளவாக நறுக்குங்கள். வாணலியும் எண்ணெயும் நன்றாகச் சூடானபின் ஒரே அடுக்காகப் பரப்பிவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் தொடாமல் இருங்கள். அடிப்பக்கம் நிறம் மாறியபின் புரட்டுங்கள். காய் அதிகமென்றால் இரண்டு தடவையாகப் போடுங்கள். கையைச் சும்மா வைத்திருப்பதுதான் இங்கே கடினமான வேலை.

எல்லாக் காயும் ஒன்றல்ல. கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு போன்ற கெட்டியானவற்றுக்கு முதலில் கால் கப் தண்ணீர் தெளித்து மூடி ஐந்தாறு நிமிடம் வேகவைத்து, பிறகு மூடியைத் திறந்து நீர் வற்றியதும் எண்ணெய் விட்டு வறுக்கலாம். பீன்ஸ், காலிஃபிளவர், குடைமிளகாய் நேரடியாக வாணலிக்கு. சுரைக்காய், பூசணி, காளான் எல்லாம் நீர் விடுகிறவை. அவற்றுக்கு உப்பு கடைசியில். வெண்டைக்காயை நறுக்கும் முன் ஈரம் துளியும் இல்லாமல் துடைத்துவிட்டு, மூடாமல் பெரிய தீயில் வதக்கினால் வழவழப்புப் போய்விடும், அரை மூடி எலுமிச்சைச் சாறும் உதவும். கீரைக்கு இரண்டு நிமிடம் தாராளம்.

வெங்காயம் விதிவிலக்கு. அதற்கு ஆரம்பத்திலேயே ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் சீக்கிரம் வதங்கும். கண்ணாடிபோல ஆக ஏழெட்டு நிமிடம், பொன்னிறமாகக் கால் மணி நேரம், அடர் பழுப்பாக அரை மணி நேரத்துக்கு மேல். ‘ஐந்து நிமிடத்தில் வெங்காயம் பொன்னிறமாகும்’ என்று எழுதும் குறிப்புகளை நம்பாதீர்கள்.

பச்சைக் காய்களின் நிறம் மங்காமல் இருக்க, கொதிக்கும் உப்புநீரில் மூடாமல் சில நிமிடம் வேகவிட்டு எடுத்து, எலுமிச்சையைப் பரிமாறும்போது பிழியுங்கள். முன்பே புளிப்புச் சேர்ந்தால் பச்சை மங்கிப் பழுப்பாகும். பச்சை பாய்ந்த, முளைவிட்ட உருளைக்கிழங்கை வாங்காதீர்கள், அந்தப் பச்சைப் பகுதியில் சோலனின் என்ற நஞ்சு கூடுதலாக இருக்கும்.

மூன்றையும் சேர்த்துச் சில சாப்பாடுகள்

முதலாவது, ஒரே பாத்திரச் சாப்பாடு. ஒரு கப் அரிசியையும் அரை கப் பாசிப்பருப்பையும் சேர்த்துக் கழுவி, அடிகனமான பாத்திரத்தில் ஒரு மேசைக்கரண்டி நெய்யில் சீரகம், உடைத்த மிளகு, துருவிய இஞ்சி ஆகியவற்றை வதக்குங்கள். அரிசி, பருப்பைப் போட்டு ஒரு நிமிடம் புரட்டி, ஐந்து கப் தண்ணீரும் ஒன்றேகால் டீஸ்பூன் உப்பும் சேர்த்துக் கொதித்ததும், சிறு தீயில் மூடி அரை மணி நேரம். இடையில் இரண்டு மூன்று முறை அடியைக் கிளறிவிடுங்கள். நறுக்கிய கேரட்டும் பட்டாணியும் பாதி வெந்தபின் சேர்க்கலாம். இளகலாக இறக்க வேண்டும், ஆறினால் தானாகவே கெட்டியாகும். மூன்று பேருக்கு வரும். உடம்பு சரியில்லாதவர்களுக்கும், சமைக்க மனமில்லாத நாட்களுக்கும் இதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது.

இரண்டாவது, கொண்டைக்கடலைக் குழம்பு. பெரிய வெங்காயம் ஒன்றைப் பொன்னிறமாக வதக்குங்கள், கால் மணி நேரம் பொறுமையாக. நான்கு பல் பூண்டு, ஒரு டீஸ்பூன் சீரகத்தூள், அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள். பொடிகள் சேரும்போது இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்தால் கருகாது. மூன்று தக்காளியை நறுக்கிப் போட்டு, எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை வதக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் பச்சை வாசம் கடைசிவரை போகாது. வெந்த கொண்டைக்கடலை இரண்டு கப், வேகவைத்த நீர் ஒரு கப், உப்பு. பத்து நிமிடம் கொதித்தபின் ஒரு கரண்டிக் கடலையை மட்டும் மசித்துவிட்டால் குழம்பு தானே திரளும். மாவோ கிரீமோ தேவையில்லை. கைப்பிடிக் கீரையைப் போட்டு இறக்குங்கள். டப்பாவில் வரும் வெந்த கடலையையும் பயன்படுத்தலாம், வடித்து அலசிவிட்டு உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

மூன்றாவது, வறுத்த காயும் தயிரும் சோறும். தயிரைச் சூடுபடுத்த நினைத்தால் ஒரு கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி கடலை மாவு கலந்து அடித்துவிட்டு, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். மாவில்லாமல் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும்.

ருசி பார்ப்பது

இறக்கும் முன் ஒரு கரண்டி எடுத்து, ஊதி ஆறவைத்து, சுவையுங்கள். சப்பென்று இருந்தால் முதலில் உப்பு, ஒரு சிட்டிகை மட்டும். உப்பு சரியாக இருந்தும் ஏதோ குறைகிறது என்றால் எலுமிச்சை. பருப்புக்கும் பயறுக்கும் பத்தில் ஒன்பது முறை அதுதான் தேவைப்படும். அதற்குப் பிறகும் தட்டையாக இருந்தால் ஒரு டீஸ்பூன் நெய்யோ நல்ல எண்ணெயோ. மிளகாய்த்தூளை இந்த வரிசையின் கடைசியில் வையுங்கள்.

உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போட்டு எடுக்கச் சொல்வார்கள். கிழங்கு உப்பை மட்டும் தேடிப்பிடித்து உறிஞ்சாது, உப்புநீரைத்தான் உறிஞ்சும். மிச்சமிருப்பது அதே கரிப்போடுதான் இருக்கும். உப்பில்லாத பருப்போ தண்ணீரோ காயோ சேர்த்து அளவைப் பெருக்குவதுதான் பலன் தரும்.

முழுச் சைவத்துக்கு மாறுகிறவர்கள் சத்தைப் பற்றி இரண்டு விஷயம் அறிய வேண்டும். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் சி உதவுகிறது, சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரும் காப்பியும் தடுக்கின்றன. எலுமிச்சைக்கு இன்னொரு காரணம் கிடைத்துவிட்டது. பி12 வைட்டமின் தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லை. பால், தயிரிலிருந்து கொஞ்சம் கிடைக்கும். பாலும் தவிர்க்கிறவர்கள் பி12 சேர்க்கப்பட்ட உணவையோ மாத்திரையையோ மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மாலை வேளையில் எதை முதலில் செய்வது?

மூன்றையும் தனித்தனியாக முடித்தால் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். வரிசை தெரிந்தால் முக்கால் மணி நேரம் போதும். உள்ளே வந்ததும் அரிசியைக் கழுவி ஊறப்போட்டு, பருப்பை அடுப்பில் ஏற்றுங்கள். அது வேகிற நேரத்தில் காயை நறுக்கி உலர்த்துங்கள். பருப்பின் நுரையை எடுத்துத் தீயைக் குறைத்ததும் இன்னோர் அடுப்பில் அரிசி. அரிசி மூடிய பாத்திரத்தில் வேகும்போது பருப்பை மசித்துத் தாளித்து இறக்கிவிட்டால் அந்த அடுப்பு காலியாகும். சோறு மூடியபடி ஓய்ந்திருக்கும் பத்து நிமிடம்தான் காய் வதக்கும் நேரம். வறுத்த காய் ஆறினால் மொறுமொறுப்பு போய்விடும் என்பதால் அது எப்போதும் கடைசி. மறுநாளுக்குக் கொண்டைக்கடலை வேண்டுமென்றால் பாத்திரம் கழுவும் முன்பே ஊறப்போட்டுவிடுங்கள், படுக்கப் போகும்போது நினைவு வராது.